சாவி உள்ளே, நாம் வெளியே: காருக்குள் சாவி மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

போன அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள், மத்தியானம் ஒரு மணி இருக்கும், ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குப் போயிருந்தோம். உள்ளே செல்போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பது வேலூர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். போனைக் கொடுத்து டோக்கன் வாங்க வரிசையில் நிற்கச் சோம்பல்பட்டு, என் போன், வீட்டம்மா போன் இரண்டையும் காரிலேயே வைத்துவிட்டேன். ரிமோட்டில் கதவுகளைப் பூட்டினேன். அப்புறம் ஞாபகம் வந்து, பிளாஸ்க் இருந்த பையை டிக்கியில் போடுவதற்காக டிக்கியை மட்டும் திறந்தேன், பையை வைத்தேன், கையில் இருந்த சாவியைப் பையின் மேல் வைத்து எதையோ சரிசெய்தேன், டிக்கியை அறைந்து சாத்தினேன். நட்சத்திர வடிவில் சுற்றிச் சுற்றிப் போகும் அந்த நடைபாதையை முழுசாக நடந்து, சாமி கும்பிட்டு, வெளியே வந்து பாக்கெட்டில் கை விட்டபோதுதான் விஷயம் புரிந்தது.

அதற்கு மேல் நடந்ததுதான் வேடிக்கை. ஒரு கடைக்காரரிடம் போன் கேட்டு வாங்கினேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் வீட்டம்மாவுடையது. அந்தப் போன் காருக்குள். நல்ல வேளையாக அவளுக்கு அவள் தம்பி எண் தெரிந்திருந்தது. மச்சான் சத்துவாச்சாரியிலிருந்து ஸ்பேர் சாவியைக் கொண்டுவந்துவிடுவான் என்று நிம்மதியாக உட்கார்ந்தோம், அப்புறம்தான் தெரிந்தது வீட்டுச் சாவியும் கார் சாவியும் ஒரே வளையத்தில் என்று. ஸ்பேர் சாவி வீட்டு பீரோவில், வீட்டுச் சாவி கார் டிக்கியில்.

"அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில், தண்ணியில்லாத ஆறு" என்று நம் ஊரைக் கேலி பேசுவார்கள். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-லேயே சாமி வந்துவிட்டது, பாலாற்றில் 2021-ல் வெள்ளமே வந்துவிட்டது, இப்போ சாவியில்லாத கார் சேர்ந்துகொண்டது என்று மச்சான் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறான். சிரிக்கட்டும். அன்றைக்கு நான் செய்த தப்பெல்லாம் சேர்ந்துதான் இந்தக் கட்டுரை. புதிதாகக் கார் வாங்கியவர்கள், பிள்ளையை வி.ஐ.டி.யில் சேர்க்க வெளியூரிலிருந்து ஓட்டி வருகிறவர்கள், சி.எம்.சி.க்கு ஆளைக் கூட்டிக்கொண்டு பதற்றத்தில் வருகிறவர்கள் (இவர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கும், மனசு வேறு எங்கோ இருக்கும்) படித்து வைத்துக்கொள்ளலாம்.

முதலில், உள்ளே யாராவது இருக்கிறார்களா?

இந்த ஒரு கேள்விதான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. உள்ளே வெறும் சாவி மட்டும் இருந்தால் உங்களுக்கு ஒரு அவசரமும் இல்லை, நிழலில் உட்கார்ந்து நிதானமாக யோசிக்கலாம். உள்ளே குழந்தையோ, எழுந்து கதவைத் திறக்க முடியாத பெரியவரோ, நாயோ இருந்தால் கதையே வேறு.

குழந்தையை உள்ளே உட்காரவைத்துவிட்டு, இளநீர் வாங்க இறங்கி, கதவு தானாகப் பூட்டிக்கொள்வது நடக்கிற விஷயம்தான். சாவியைக் குழந்தை கையில் விளையாடக் கொடுத்துவிட்டு இறங்குவது இன்னும் மோசம், அது முதலில் அமுக்குகிற பொத்தானே பூட்டுகிற பொத்தானாகத்தான் இருக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் முதல் 10 நிமிடத்திலேயே ஏறக்குறைய 10 டிகிரி சூடு ஏறிவிடும், அரை மணியில் 18 டிகிரி வரைகூட ஏறும். வெளியே 40 டிகிரி அடிக்கிற மே மாத வேலூரில் இதைக் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடியை இரண்டு விரல்கடை இறக்கி வைத்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. பெரியவர்கள் உடம்பைவிடக் குழந்தை உடம்பு 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடேறும்.

ஆகவே உடனே 112-க்கோ 108-க்கோ ஒருவரை அழைக்கச் சொல்லுங்கள். குழந்தை கொஞ்சம் விவரம் தெரிந்ததாக இருந்தால் கண்ணாடி வழியாகச் சைகை காட்டி முன் சீட்டுக்கு வரச் சொல்லி, முன் கதவின் உள்பக்கக் கைப்பிடியை இழுக்கச் சொல்லலாம். பல கார்களில் ஒரு தடவை இழுத்தால் பூட்டு விடும், இரண்டாவது தடவை இழுத்தால் கதவு திறக்கும். பின் கதவுகளில் சைல்டு லாக் போட்டிருந்தால் உள்ளிருந்து எவ்வளவு இழுத்தாலும் திறக்காது, அதனால்தான் முன் சீட்டு. கைக்குழந்தையாக இருந்தாலோ, தூங்குகிறதா மயக்கமா என்று தெரியாவிட்டாலோ, முகம் சிவந்து வியர்த்து அழுகை அடங்கிப்போனாலோ, யாருக்கும் காத்திருக்க வேண்டாம். கண்ணாடியை உடையுங்கள்.

உடைக்கவும் ஒரு முறை இருக்கிறது. முன்பக்கப் பெரிய கண்ணாடியில் கை வைக்காதீர்கள், அது நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடி, விரிசல் விடுமே தவிர வழி விடாது. கதவுக் கண்ணாடிதான் தூள் தூளாக உதிரும். குழந்தை எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எட்டாத பக்கத்துக் கதவைத் தேர்ந்தெடுங்கள். கண்ணாடியின் நடுவில் அடித்தால் அது உள்வாங்கிக்கொண்டு உங்களை ஏமாற்றும், கீழ் மூலையில், கூர்மையான கனமான ஏதாவதால் ஓங்கி அடிக்க வேண்டும். உங்கள் வீல் ஸ்பேனர் டிக்கிக்குள் மாட்டியிருக்கும், பக்கத்து வண்டிக்காரரிடமோ பஞ்சர் கடையிலோ வாங்குங்கள். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அடியுங்கள். பின் கதவின் ஓரத்தில் இருக்கும் சின்ன முக்கோணக் கண்ணாடியை "சின்னதுதானே, விலை கம்மிதானே" என்று உடைக்கிறார்கள். பல மாடல்களில் அதை மாற்றுவதுதான் செலவும் வேலையும் அதிகம், அதற்குள் கை விட்டுப் பூட்டை எட்டவும் முடியாது.

காரைச் சுற்றி ஒரு வட்டம்

உள்ளே யாரும் இல்லை, சாவி மட்டும்தான் என்றால், வேறு எதற்கும் முன்னால் நான்கு கதவையும் டிக்கியையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். சிரிக்காதீர்கள். சென்ட்ரல் லாக்கின் மோட்டார் ஒரு கதவில் மட்டும் கெட்டுப்போய், அந்தக் கதவு பூட்டாமலே மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும், ஓனருக்கே தெரியாது. ஹேட்ச்பேக் காராக இருந்து டிக்கி மட்டும் திறந்தால், அதன் வழியாகப் பின் சீட்டைத் தாண்டி உள்ளே போய்விடலாம், மானம் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். நேர்மாறாக, டிக்கி தனியாக இருக்கும் செடான் கார், கதவு திறந்திருக்கிறது, சாவி மட்டும் டிக்கிக்குள் என்றால் பிரச்சினையே இல்லை, ஓட்டுநர் சீட்டுக்குக் கீழே இடது அல்லது வலது ஓரத்தில், இல்லையென்றால் டாஷ்போர்டில், டிக்கி திறக்கும் லீவரோ பொத்தானோ இருக்கும்.

ஏன் தானாகப் பூட்டிக்கொண்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் "நான் பூட்டவே இல்லையே" என்று சத்தியம் செய்வார்கள். ரிமோட்டில் திறந்துவிட்டு எந்தக் கதவையும் திறக்காமல் நின்றால், பெரும்பாலான கார்கள் அரை நிமிடம்போல ஆனதும் திரும்பப் பூட்டிக்கொள்ளும், திருட்டுக்குப் பயந்து வைத்த வசதி அது. சில மாடல்களில் டிக்கியைத் திறந்தது கதவைத் திறந்ததாகக் கணக்கில் வராது. நான் மாட்டியது இன்னும் எளிய வழியில்: கதவுகள் ஏற்கெனவே பூட்டியிருக்க, டிக்கியை மட்டும் திறந்து மூடினேன்.

உங்கள் சாவி எந்த ரகம்?

பழைய மாருதி 800, அம்பாசடர் மாதிரி வண்டிகளில் பூட்டுக் குமிழை அமுக்கி, வெளிக் கைப்பிடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே சாத்தினால் சாவி இல்லாமலே பூட்டிவிடலாம், அதனால்தான் அந்தக் காலத்தில் இந்தக் கூத்து அடிக்கடி நடந்தது. இப்போது வருகிற பொத்தான் ஸ்டார்ட் கார்களில் சாவி உள்ளே இருப்பதை வண்டியே உணர்ந்து, பீப் பீப் என்று கத்திப் பூட்ட மறுக்கும். ஆனால் அதை முழுசாக நம்பி விடாதீர்கள். சாவிக்குள் இருக்கும் பட்டன் செல் (நிறைய சாவிகளில் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் செல், கடிகாரக் கடையில் கிடைக்கும்) தீர்ந்துபோனாலோ, சாவி எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்கு அடியில் மாட்டினாலோ, அந்த உணர்வு வேலை செய்யாமல் போகலாம்.

பொத்தான் ஸ்டார்ட் சாவிக்குள் ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கும், பக்கவாட்டுப் பொத்தானை நகர்த்தி இழுத்தால் வரும். ஓட்டுநர் கதவில் அதற்கான துளை இருக்கும், சில மாடல்களில் கைப்பிடி ஓரத்தில் ஒரு மூடிக்குள் மறைந்திருக்கும். ரிமோட் செத்தாலும், கார் பேட்டரியே செத்தாலும் இதை வைத்துத் திறக்கலாம். இப்படித் திறக்கும்போது சில வண்டிகளில் சைரன் அலறும், பயப்படாமல் ரிமோட்டில் அன்லாக் அமுக்கினாலோ வண்டியை ஸ்டார்ட் செய்தாலோ அடங்கிவிடும்.

யாரைக் கூப்பிடுவது, எந்த வரிசையில்

முதலில் போன். உங்கள் கார் இணைய வசதி உள்ள மாடலா, அதன் ஆப் போனில் இருக்கிறதா பாருங்கள். ஹூண்டாயின் புளூலிங்க், கியா கனெக்ட், டாடாவின் ஐரா போன்றவற்றில், சந்தா உயிரோடு இருந்தால், போனிலிருந்தே கதவைத் திறக்கலாம். கார் வாங்கின அன்று ஷோரூம் பையன் நிறுவிக் கொடுத்ததோடு மறந்துவிட்டவர்கள் பலர். போனும் உள்ளே மாட்டியிருந்தால் இன்னொருவர் போனில் அதே கணக்கில் நுழைந்தும் செய்யலாம், ஓ.டி.பி. உங்கள் போனுக்குத்தான் வரும் என்பது வேறு தலைவலி.

அடுத்தது ஸ்பேர் சாவி. வீட்டில் யாராவது இருந்து, வீடு 20 கிலோமீட்டருக்குள் இருந்தால் இதுதான் மலிவான, ஒரு கீறல்கூட விழாத வழி. காட்பாடியிலோ ராணிப்பேட்டையிலோ இருக்கிற ஆள் பைக்கில் கொண்டுவர அரை மணி, முக்கால் மணி ஆகட்டுமே, டீ குடியுங்கள்.

அதுவும் இல்லையென்றால் ரோட்சைடு அசிஸ்டன்ஸ். புது வண்டியோடு கார் கம்பெனியே சில வருடங்களுக்கு இதைக் கொடுத்திருக்கும், இல்லையென்றால் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது கூடுதலாகச் சில நூறு ரூபாய் கட்டிச் சேர்த்திருப்பீர்கள், சேர்த்ததே ஞாபகம் இருக்காது. பஞ்சர், பேட்டரி டவுன், டோயிங் என்பதோடு சாவி உள்ளே மாட்டிக்கொள்வதும் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்கும். சிக்கல் என்னவென்றால் அந்த நம்பர் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருந்தால் வெளியிலிருந்து படிக்கலாம், டாஷ்போர்டு டிராயரில் உள்ள பாலிசி காகிதத்தில் இருந்தால் படிக்க முடியாது. இன்றைக்கே அதைப் போட்டோ எடுத்து வீட்டில் இன்னொருவர் வாட்ஸ்அப்பிலும் போட்டு வையுங்கள்.

கடைசியாகச் சாவிக்காரர். எனக்குக் கடைசியில் இவர்தான் கைகொடுத்தார். ஒரு ஆட்டோக்காரர் மூலம் நம்பர் கிடைத்து, பாகாயம் பக்கமிருந்து டி.வி.எஸ். எக்செல்லில் வந்தார். இறங்கினதும், "இன்னா சார், எல்லாத்தையும் உள்ள வெச்சிட்டு நீங்க மட்டும் வெளிய வந்துட்டீங்களா?" என்றார். கதவின் மேல் மூலையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் ஆப்பைச் சொருகி, அந்த இடைவெளியில் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டை மாதிரி ஒரு காற்றுப் பையை நுழைத்து ஊதினார், ஒரு விரல் நுழைகிற இடம் கிடைத்தது, துணி சுற்றிய நீளக் கம்பியை விட்டு உள்பக்கக் கைப்பிடியை இழுத்தார். நாலு நிமிடம். 600 ரூபாய். காசைக் கொடுக்கும்போது வலிக்கவே இல்லை.

சாவிக்காரரைக் கூப்பிடும்போது சில விஷயங்கள். காரின் பெயர், வருடம், பொத்தான் ஸ்டார்ட்டா இல்லையா என்பதைப் போனிலேயே சொல்லுங்கள், அப்போதுதான் சரியான சாமான் எடுத்துவருவார். கூலியை முன்னாலேயே பேசிவிடுங்கள், கதவைத் திறக்க மட்டுமா, புதுச் சாவி செய்யவுமா என்பதையும் பிரித்துக் கேளுங்கள். வந்தவுடன் லாக்கையே துளை போட வேண்டும், உடைக்க வேண்டும் என்று ஆரம்பிக்கிறவரை மரியாதையாக அனுப்பிவிடலாம். நல்ல சாவிக்காரர் வண்டி உங்களுடையதுதானா என்று கேட்பார், கோபப்படாதீர்கள், அது நல்ல அடையாளம். ஆர்.சி. புத்தகம் உள்ளே மாட்டியிருந்தாலும் டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ காட்டலாம், போலீஸ்காரர் வந்து கேட்டாலும் அது செல்லும்.

அந்த ஸ்டீல் ஸ்கேல்

சாவிக்காரர் வருவதற்கு முன்னால் நடந்ததை வேண்டுமென்றே தள்ளி வைத்திருந்தேன். கார் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றால் நம் ஊரில் ஐந்து நிமிடத்தில் எட்டுப் பேர் கூடிவிடுவார்கள், எட்டுப் பேரில் ஒருவருக்குக் கட்டாயம் ஸ்கேல் வித்தை தெரிந்திருக்கும். கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே இருக்கிற ரப்பர் பீடிங்கை விலக்கி, ஸ்டீல் ஸ்கேலை உள்ளே இறக்கி, பூட்டோடு இணைந்த கம்பியை மாட்டி இழுப்பது. பழைய வண்டியில் இது வேலை செய்தது உண்மைதான். இப்போதைய கார்களில் அந்தக் கம்பிக்குப் பதில் உறை போட்ட கேபிள் இருக்கும், அல்லது ஸ்கேல் எட்டாதபடி தகடு வைத்து மறைத்திருப்பார்கள். ஆனால் கதவுக்குள் பவர் விண்டோ ஒயர், ஸ்பீக்கர் ஒயர், சில மாடல்களில் ஏர்பேக் சென்சார் எல்லாம் இருக்கின்றன. அன்றைக்கு அந்த நல்ல மனிதர் உண்மையாகவே உதவத்தான் வந்தார், நானும் மறுக்க வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். பீடிங் கிழிந்தது, அந்தக் கதவின் கண்ணாடி அதற்கப்புறம் இறங்கவில்லை, ஒர்க்ஷாப்பில் 2,300 ரூபாய் ஆனது. சாவிக்காரருக்குக் கொடுத்ததில் கிட்டத்தட்ட நாலு மடங்கு. "ஆள் வருகிறார் அண்ணே, விடுங்க" என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

உள்ளே யாரும் இல்லாதபோது கண்ணாடியை உடைப்பதும் அப்படித்தான். "இன்ஷூரன்ஸ் இருக்கிறதே" என்பார்கள். தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால் ஒரு பைசா வராது. முழு பாலிசியாக இருந்தாலும் 1500 சிசி வரையிலான காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் கட்டாயமாக உங்கள் பங்கு, அதோடு கிளைம் செய்தால் அடுத்த வருட நோ கிளைம் போனஸ் போகலாம். கணக்குப் போட்டால் சாவிக்காரர்தான் லாபம்.

நெடுஞ்சாலையில் நடந்தால்

சென்னை பெங்களூரு சாலையில், பள்ளிகொண்டா டோலைத் தாண்டி ஆம்பூர் பிரியாணிக்காக ஓரங்கட்டின இடத்தில் இப்படி ஆனால், முதலில் ஆட்களைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்துங்கள், காருக்குப் பின்னால் நிற்காதீர்கள், அங்கே லாரிகள் வருகிற வேகம் உங்களுக்கே தெரியும். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033. அவர்கள் கதவைத் திறக்கிறவர்கள் அல்ல, ஆனால் இருட்டில், குடும்பத்தோடு, ஆபத்தான இடத்தில் மாட்டியிருந்தால் ரோந்து வண்டி வந்து நிற்பதே பெரிய உதவி. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவு பூட்டிக்கொண்டால் பெட்ரோல் தீரும் என்பதைத் தவிர உடனடி ஆபத்து இல்லை, ஆனால் வண்டியை விட்டு நகராதீர்கள், கண்ணாடியை எவனாவது உடைத்தால் அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விடலாம்.

200 ரூபாய் சாவி

திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, ஆனால் பூட்டைவிடப் பெரிய விஷயம் இரண்டாவது சாவி. இப்போதைய கார் சாவிக்குள் ஒரு சிப் இருக்கிறது, அது இல்லாமல் என்ஜின் ஸ்டார்ட் ஆகாது, அந்தச் சிப்போடு முழுச் சாவி செய்ய ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். நம்மில் பலர் அதோடு நிறுத்திவிடுகிறோம். ஆனால் நமக்கு வேண்டியது கதவு திறப்பது மட்டும்தானே! சிப் இல்லாத வெறும் இரும்புச் சாவி போதும். கதவில் சாவித் துளை இருக்கிற கார் என்றால், சாவிக்காரரிடம் கொடுத்து வெட்டிக்கொள்ளலாம். எனக்கு அன்றே அவர் 200 ரூபாய்க்கு வெட்டிக் கொடுத்தார். அதை வைத்துக் கதவைத் திறக்கலாம், வண்டியை ஓட்ட முடியாது, அதனால் தொலைந்தாலும் பெரிய பயம் இல்லை. என் பர்ஸில் ஒன்று, மச்சான் வீட்டில் ஒன்று. வாங்கின உடனே கதவில் போட்டுத் திருகிப் பாருங்கள், வருடக்கணக்கில் சாவியே போடாத துளை துருப்பிடித்து இறுகியிருக்கும், கொஞ்சம் கிராஃபைட் பொடி விட்டால் இளகும்.

காருக்கு அடியில் காந்தப் பெட்டியில் சாவி ஒளித்து வைப்பது, பம்பருக்குள் டேப் போட்டு ஒட்டுவது, இதெல்லாம் எனக்குப் பிடிக்கவில்லை. நம் ஊர் ரோட்டுக் குலுக்கலில் அது எந்தப் பள்ளத்தில் விழுந்தது என்று தெரியாது, தவிர நாம் ஒளிக்கிற இடம் திருடனுக்கும் தெரிந்த இடம்தான். புது வண்டியோடு சாவி எண் பொறித்த சின்ன உலோகத் தகடு ஒன்று சில கம்பெனிகள் கொடுப்பார்கள், அதைச் சாவி வளையத்திலேயே தொங்கவிடாமல் கழற்றி வீட்டில் வையுங்கள், எல்லாச் சாவியும் தொலைந்தால் கம்பெனியில் புதுசு செய்ய அது வேண்டும். வீட்டுச் சாவியைத் தனி வளையத்துக்கு மாற்றுங்கள். இரண்டு போன் நம்பராவது மனப்பாடம் செய்யுங்கள், இரண்டும் ஒரே காரில் பயணம் செய்கிற ஆட்களுடையதாக இருக்கக் கூடாது.

ஸ்கூட்டர்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சீட்டுக்கு அடியில் சாவியைப் போட்டுச் சாத்திவிட்டால் கம்பி தேடி ஓடாதீர்கள். இரண்டு பேர் சேர்ந்து சீட்டின் ஒரு ஓரத்தை அழுத்தித் தூக்கினால் பல வண்டிகளில் ஒரு கை நுழைகிற அளவுக்கு வளைந்து கொடுக்கும், ஒல்லிக் கை உள்ள பையன் யாராவது இருந்தால் சாவியை எடுத்துவிடுவான். அதற்கும் மசியாவிட்டால் பக்கத்து மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள், சீட் லாக் கேபிளை எங்கே இழுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். ஹேண்டில் லாக் போட்டிருந்தால் தள்ளவும் முடியாது, அவரைத்தான் அழைத்துவர வேண்டும்.